தைத்துக் கட்டிய கூண்டு

டெய்லரக்கா தைத்த துணி நைந்துபோகும், சாயம் போகும், போட்டவருக்கே சலித்துப்போகும். தையல் மட்டும் பிரியாது. தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். அடக்கத்தையெல்லாம் வேலை தெரியாதவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி. துணி கொடுக்க வருகிறவர்கள், "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்று இழுத்தால், "சீக்கிரம் வேணும்னா ரெடிமேட் கடைக்குப் போ. தையல் நிக்கணும்னா நான் சொல்ற நாளைக்கு வா" என்பாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சொல்வதால் பாதி வார்த்தைதான் வெளியே வரும். வந்தவர்களுக்கு அந்தப் பாதியே போதும்.

மீதிப் பேச்சையெல்லாம் அவள் வீட்டுக்காரர் பேசினார். அவர் பஸ் கண்டக்டர். தெருவில் அவருக்கு 'ரைட்டு' என்று பெயர். வேலைக்குப் போன காலம் முழுக்க நெரிசலுக்கு மேலே குரல் எழுப்பிப் பழகியவர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரலை இறக்கி வைக்கத் தெரியாது. உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். காலையில் எதிர்வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "போலாம், ரைட்" என்று இவர் வாசலில் நின்று சொன்னால்தான் அது காலடி எடுத்து வைக்கும். மனைவியை மட்டும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். அவளும் வந்துவிடுவாள்.

"கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன், காது ரெண்டும் வலிக்குது" என்று அவள் அடிக்கடி சொல்லியிருக்கிறாள். சும்மா சொன்னதுதான். எந்த வீட்டில்தான் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற அடுத்த வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, வலது கால் போனது, கூடவே பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பின்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். புரிகிறதா என்று கேட்டால் கண்ணால் ஆமென்பார். வாய் மட்டும் திறக்காது. அந்த வீட்டின் சத்தம் அவளுடைய தையல் மெஷின் சத்தமாகச் சுருங்கிப்போனது. மெஷினை நிறுத்தினால் வீடு எப்படி ஆகிவிடும் என்று பயந்து, துணி இல்லாத நாளிலும் பழைய துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். சின்ன வயது, பொறுமை அதிகம். கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆ சொல்லுங்க ஐயா. என் வாயைப் பாருங்க, ஆ" என்பாள். அவர் அவள் வாயைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். மாதங்கள் ஓடின. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண் கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரா ஒரு சத்தம் குடுத்தாத்தான் நான் மேலே எதாவது செய்ய முடியும். முதல் சில மாசம்தான் இதுக்கெல்லாம் நல்ல நேரம். அதுவும் முடியப்போகுது."

"அப்போ இனிமே வரமாட்டியா?"

"எதாவது சத்தம் வந்தா சொல்லுங்க. ஓடி வரேன்."

அவள் போன பிறகு டெய்லரக்கா மெஷினில் உட்கார்ந்து நூல் கோக்காமலே வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தாள்.

கோழிகள் வந்தது இதற்குப் பின்னால்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அங்கே கோழி வளர்க்க விடமாட்டார்கள் என்று மூன்று பெட்டைக் கோழிகளை அட்டைப் பெட்டியில் வைத்து இவள் தலையில் கட்டிவிட்டார்கள். "முட்டை போடும்க்கா, அண்ணனுக்கு நல்லது" என்று ஒரு சமாதானம் வேறு. டெய்லரக்காவுக்குக் கோழியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. பெட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, இதென்னடா புதுத் தலைவலி என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்போது பின்னறை ஜன்னலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ப்பா."

கோழியை இரை எடுக்கக் கூப்பிடும் சத்தம். அவர் சின்ன வயதில் கூப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். அவளுக்கே அது தெரியாது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, எச்சில் வழிய, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மறுபடி, "ப்பா… ப்பா" என்றார். அதில் ஒரு கோழி, செம்பழுப்பு நிறத்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஜன்னலடிக்கு ஓடிப்போய் நின்றது. டெய்லரக்கா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

பயிற்சிப் பெண் சொன்ன சொல் மாறாமல் வந்தாள். கொல்லையையும் ஜன்னலையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது போதும்க்கா. இதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த சத்தத்துக்குப் போயிடலாம். ஆனா கோழி அவர் கண்ணுலயே இருக்கணும். எங்கேயும் குடுத்திடாதீங்க."

குடுப்பாளா என்ன. உயிரைக் கேட்டால்கூட யோசித்துக் கொடுப்பாள், கோழியைக் கொடுக்கமாட்டாள். ஆனால் கவிழ்த்த கூடைக்குள் எத்தனை நாள் அடைத்து வைப்பது? சுவரேறி வரும் ஒரு சாம்பல் பூனை கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலுக்கு நேரே, சுவரை ஒட்டி ஒரு கூண்டு வேண்டும். தச்சரிடம் சொன்னாள். "நாளைக்கு வரேம்மா" என்றார். தச்சர்களின் நாளை எப்போது விடியும் என்று யாருக்குத் தெரியும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில், "அம்மா, நான் லீவு போட்டு வந்து அடிச்சுத் தரேன். நீ சுத்தியலைத் தொடாதே" என்றான்.

"லீவு எப்போ கிடைக்கும்?"

"பார்க்கணும்மா."

"பூனைகிட்ட சொல்லி வைக்கிறேன், நீ லீவு போடற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவளே மரக்கடைக்குப் போய் ரீப்பர் கட்டைகளும் பலகையும் எடுத்து வந்தாள். இரும்புக் கடையில் கம்பி வலை வாங்கினாள். கடைக்காரர் வலையோடு ஒரு பொட்டலம் யு ஆணியும் போட்டுக் கொடுத்தார். "வலையை இதால அடிச்சாத்தான்மா நிக்கும்" என்றார். சரியென்று வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு கொல்லையில் நடந்த கூத்தைக் கட்டிலில் படுத்திருந்தவர் ஒருவர்தான் முழுக்கப் பார்த்தார். அவள் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, மரத்தின் மேல் துணிக்குக் குறி போடும் சாக்கால் கோடிழுத்தாள். கோடு போட்ட இடத்தில் அறுக்க வேண்டியதுதானே. கை கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டையிலும் தையலுக்கு விடும் அரை அங்குலத்தைத் தாராளமாக விட்டு அறுத்தாள். சட்டங்களைச் சேர்த்தபோது எல்லாம் மிச்சம் நின்றது. கதவு நிலைக்குள் நுழையவே இல்லை. மரத்தை உள்பக்கம் மடித்துத் தைக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னலிலிருந்து மூக்கால் ஒரு காற்று வந்தது. சிரிக்கிறார்.

"சிரிங்க, சிரிங்க. நீங்க ஒருநாள் ஆணி அடிச்சிருக்கீங்களா? காலண்டர் மாட்டக் கூட நான்தான் அடிச்சேன்" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கு இனித்தது.

ஒருவழியாக மறுபடி அறுத்து, நான்கு காலும் ஒரு தளமும் கூரையுமாகச் சட்டம் எழும்பி நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. வலையை வெட்ட வேண்டி வந்தபோது சமையலறைக் கத்தரி பல்லிளித்துவிட்டது. அவள் உள்ளே போய்த் தன் பெரிய கத்தரியை எடுத்து வந்தாள். அந்தக் கத்தரியால் மகன் சின்ன வயதில் காற்றாடிக் காகிதம் வெட்டினான் என்பதற்காக முதுகில் ஒன்று வைத்தவள் அவள். இப்போது வலையைக் கண் கண்ணாக அதே கத்தரியால் நறுக்கினாள். இரும்பும் இரும்பும் உரசும் சத்தத்துக்குப் பல் கூசியது. வெட்டி முடித்தபோது கத்தரியின் வாய் பொக்கையாகிவிட்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை என்பதுபோல் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

யு ஆணிதான் படுத்தி எடுத்தது. சின்ன ஆணி, வளைந்த ஆணி, ஒரு கையால் பிடித்து மறு கையால் அடித்தால் ஒன்று ஆணி கோணும், இல்லையென்றால் கட்டை விரல் நசுங்கும். இடது கட்டை விரல் வீங்கிக் கறுத்தது. அந்த விரல் போனால் துணியை யார் பிடித்துக் கொடுப்பது? நாலைந்து ஆணிக்கு மேல் அடிக்க முடியவில்லை. சுத்தியலைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு, இதற்குப் போய் ஏன் இத்தனை பாடு என்று தோன்றியது. வலை என்பது என்ன? ஓட்டை போட்ட துணி. சட்டம் என்பது என்ன? ஓரம். ஓரத்தோடு துணியைச் சேர்க்க அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

கோணி ஊசியை எடுத்தாள். கட்டியான நைலான் நூலை இரட்டையாக்கினாள். தடித்த துணி தைக்கும்போது செய்வதுபோல, மெழுகுவர்த்தித் துண்டில் நூலை இழுத்து இழுத்து மெழுகேற்றினாள். மெழுகு போட்ட நூல் முறுக்கவிழாது, நழுவாது, இழுத்தால் இன்னும் இறுகும். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஊசியை விட்டு, சட்டத்தைச் சுற்றி வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சு. நான்கு பக்கமும் காஜா எடுத்ததுபோல வரிசை பிசகாமல் ஓடியது தையல். தச்சர் வந்து பார்த்திருந்தால் சட்டத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார், தையலைப் பார்த்து வாயடைத்துப் போயிருப்பார். கதவுக்கு ஒரு கொக்கி போதாதென்று ரவிக்கைக்கு வைப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வைத்தாள்.

"பார்த்தீங்களா" என்று வலையைப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டிக் காட்டினாள். கூண்டே ஆடியது, தையல் ஆடவில்லை. "ஆணி துருப்பிடிச்சு விழும். இது என் கைத்தையல். பிரியாது."

அவர் இடது கையைக் கம்பி வழியாக நீட்டி, கட்டை விரலை ஆட்டினார். பஸ்ஸைக் கிளப்பச் சொல்லும் அதே விரல். பேச்சு இருந்திருந்தால் ரைட் சொல்லியிருப்பார்.

பிறகு கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. காலையில் அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே உள்ளிருந்து "ப்பா… ப்பா" வந்துவிடும். கோழிகள் ஜன்னலடிக்கு ஓடும். அவர் இடது கையால் நொய்யரிசியை வெளியே தூவுவார். பயிற்சிப் பெண் வந்து உட்கார்ந்து, கோழியைக் காட்டிக் காட்டியே "வா" என்று சொல்ல வைத்தாள். வா என்று முழுதாக வரவில்லை; காற்றும் வாவும் பாதிப் பாதியாக வந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விடாமப் பண்ணுங்க, பேர் சொல்ல வச்சிடலாம்" என்றாள் அந்தப் பெண். யார் பேர் என்று டெய்லரக்கா கேட்கவில்லை. அன்று இரண்டு பேருக்குமாக டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டாள்.

அவள் கவனிக்காதது ஒன்றுதான். கூண்டுக்கடியில் சிந்தும் நொய்க்கு எலிகள் வந்துகொண்டிருந்தன. எலிக்கு நொய்யைவிட மெழுகு ருசி. தையல்காரியின் வீட்டில் எலி எப்போதும் மெழுகுத் துண்டைத்தான் தூக்கிக்கொண்டு போகும். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தன் தையலோடு சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. வெளியே பார்க்க ஒழுங்காக இருந்த வரிசையின் அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டிய மூலையில், ஒவ்வொரு சுற்றாக நூல் அறுபட்டுக்கொண்டு வந்தது.

அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுத் துணி கொடுத்தாக வேண்டிய நாள். வெளுக்கத் தொடங்கியதுமே முன்னறையில் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். பாதி வரிசை ஓடியிருக்கும். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ப்பா."

அவள் தைத்துக்கொண்டே புன்னகைத்தாள். இன்னும் கூண்டைத் திறக்கவே இல்லை, அதற்குள் கூப்பாடு.

"ப்பா… ப்பா. ப்பா."

இத்தனை சத்தமாக அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே ஏறி வந்தது குரல். பழைய கண்டக்டர் குரலின் ஒரு ஓரம் அதில் தெரிந்தது. கோழிகளும் சேர்ந்து கத்தின. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறுத்திவிட்டுப் போனால் அவரும் நிறுத்திவிடுவார், நன்றாக வருகிறபோது வரட்டும், பழகட்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு அந்தப் பெண் வந்தால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

"இருங்க, வரேன். கோழிக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம்" என்று இங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு மிதித்தாள்.

"ப்பா. ப்பா. ப்பா… வா."

வா முழுதாக வந்தது. முழு வா. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, கோடு தெரியாமல் தையல் கோணிவிடுமோ என்று குனிந்து தைத்தாள். பிறகு சத்தம் நின்றது. களைத்துவிட்டார் போல என்று எண்ணிக்கொண்டாள். வரிசையை முடித்து, நூலை நறுக்கி, துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். இடது கை ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்தது. அவள் அந்தப் பார்வை போன வழியே பார்த்தாள். கூண்டு மூலையில் வலை ஒரு சட்டைக் காலர்போல மேலே மடங்கியிருந்தது. சாம்பல் பூனை சுவர் மேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இரண்டு கிடந்தன. செம்பழுப்புக் கோழி ஜன்னலடி வரை வந்து அங்கே கிடந்தது.

அவரைக் கட்டிலில் ஏற்றிவிட்டுக் கொல்லைக்குப் போய், கீழே குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தாள். பல் பட்ட இடங்களில் மெழுகு வெள்ளை வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தது. முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

தெருவில் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். "கோழிதானேக்கா, வேற வாங்கிக்கலாம்" என்றார்கள். அவள் தலையாட்டினாள். கோழிக்காக அவள் அழவில்லை என்பதை யாரிடம் சொல்வது? தன் தையல் பிரிந்த வெட்கத்துக்காகவும் அழவில்லை. அந்தப் பெருமை அன்றைக்கே செத்துப்போயிற்று. அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு அவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். வந்து காப்பாற்று என்று, தொண்டை கிழிய, தன்னால் ஆன மட்டும் கூப்பிட்டிருக்கிறார். அவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

அன்று அவரை நிமிர்த்தி உட்கார வைத்து வாயைத் துடைத்துவிடும்போது சொன்னாள்.

"கோழியைக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சேங்க. என்னைன்னு தெரியல."

அவர் கூரையைப் பார்த்தார்.

மகனுக்கு லீவு கிடைத்தது, இப்போது. வந்தவன் வலையைப் பிரித்து, யு ஆணி அடித்து, கூண்டைக் கோட்டைபோல ஆக்கினான். அம்மாவைத் திட்ட வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டான். புதுக் கோழிகளும் வாங்கி விட்டுப் போனான். அவை ஜன்னலுக்கு நேரே கிளறிக்கொண்டு திரிந்தன. அவர் பார்த்தார். நொய்க் கிண்ணத்தை இடது கையில் வைத்தால் விரல் மூடிக்கொள்ளவில்லை. பயிற்சிப் பெண் கண்ணாடியோடு வந்தாள், கோழியைக் காட்டினாள், தானே "ப்பா ப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கோழிகள் வந்தன. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சில வாரங்கள் பார்த்துவிட்டு அந்தப் பெண் கண்ணாடியைப் பையில் வைத்தாள். இந்தமுறை வாசலில் நிற்காமல் போய்விட்டாள்.

மெஷினை இப்போது பின்னறைக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே வெளிச்சம் போதாது, துணி கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. பலர் வருவதை விட்டுவிட்டார்கள். பொக்கை விழுந்த கத்தரி துணியைக் கடித்துக் குதறுகிறது. அவள் எதையும் பொருட்படுத்துவதில்லை. கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் மெஷின். தைத்துக்கொண்டே இருப்பாள். வரிசை பாதியில் ஓடும்போது, யாரோ கூப்பிட்டதுபோல, சட்டென்று காலை எடுத்துவிடுவாள். சக்கரம் தானாகச் சுற்றி நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பாள். கொல்லையில் கோழிகள் கிளறும் சத்தம் கேட்கும். பிறகு மறுபடி மிதிக்கத் தொடங்குவாள்.